தார்க்வீனியா கல்லறை ஓவியங்களை ஏன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது?

கேட்கப்பட்டது இது: இத்தாலியில் எத்ருஸ்கர்கள் நிலத்துக்கடியில் கல்லறைச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள் எப்படி வரையப்பட்டன, 2,500 ஆண்டுகள் எப்படித் தாங்கின, அவ்வளவு காலம் தாங்கியதை இப்போது ஏன் கண்ணாடிக் கதவு போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள்? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் சுவரில் இருக்கும் ஈரத்திலிருந்துதான் பதில் தொடங்க வேண்டும். வீட்டுச் சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

முதலில் இடம். ரோம் நகரம் தலையெடுப்பதற்கு முன்பு, இன்றைய தஸ்கனி, உம்பிரியாவின் மேற்குப் பகுதி, ரோமுக்கு வடக்கே உள்ள லாசியோ ஆகியவற்றில் ஓங்கியிருந்தவர்கள் எத்ருஸ்கர்கள். இவர்கள் எழுத்தைக் கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மொழி கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் உறவில்லாதது. ஓவியக் கல்லறைகள் வேயி, செர்வேத்தெரி, கியூசி, ஓர்வியேத்தோ, வுல்ச்சி என்று பல ஊர்களில் உண்டு. ஆனால் பெரும்பகுதி ஒரே ஊரில், ரோமிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் வடமேற்கே உள்ள தார்க்வீனியாவில் இருக்கிறது. அங்கே மொன்தெரோட்சி என்ற மேட்டில் ஏறக்குறைய 6,000 கல்லறைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓவியம் தீட்டப்பட்டவை சுமார் 200. அதாவது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு. இது வசதி படைத்த குடும்பங்களின் வழக்கம், எல்லாருடையதும் அல்ல. செர்வேத்தெரியையும் தார்க்வீனியாவையும் சேர்த்து 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அந்த மேட்டின் பாறைதான் கதையின் பாதி. உள்ளூரில் அதற்கு மாக்கோ என்று பெயர். கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்து உருவான மஞ்சள் கலந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மெத்தென்றிருப்பதால் உளியும் கோடரியும் போதும், அறையாக வெட்டிவிடலாம். மேலிருந்து சரிவாகப் படிக்கட்டோடு ஒரு பாதை இறங்கும். அதன் முடிவில் குறுகலான வாசல், உள்ளே ஓர் அறை. பிணம் வைத்தபின் வாசலைக் கல் பலகைகளால் அடைத்துப் பாதையை மண் போட்டு நிரப்பிவிடுவார்கள். உள்ளே கூரை இருபக்கமும் சரிந்து இறங்கும், ஓட்டு வீட்டின் உட்புறம் போல. நடுவில் முகட்டு உத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான சிவப்புப் பட்டை. பாறைக்குள் உத்திரம் எதற்கு? தேவையே இல்லை. செத்தவர் குடியிருக்கும் வீடு வீடு மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரிவுகளில் கட்டம் கட்டமாக, புள்ளி வைத்து, பூ வைத்து வரைந்திருப்பது விதானத் துணியை நினைவூட்டுகிறது. சில கல்லறைகளை வெயிலுக்குக் கட்டிய பந்தலின் உட்புறம் என்றே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். இறுதிச் சடங்கு விருந்தும் விளையாட்டும் நடந்தது அப்படிப்பட்ட பந்தல்களில்தான் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இனி வரைந்த முறை. வெட்டிய சுவரை வழவழப்பாகத் தேய்த்தபின், ஆரம்பகாலக் கல்லறைகளில் மிக மெல்லிய ஒரு பூச்சு மட்டும் கொடுத்தார்கள். களிமண்ணோ சுண்ணாம்போ கலந்தது, கனம் சில மில்லிமீட்டருக்குள். நம் கொத்தனார்கள் கொடுக்கும் சாந்துக் கனத்தோடு இதை ஒப்பிடக் கூடாது; கிட்டத்தட்ட வெள்ளையடித்த மாதிரிதான். பிற்காலத்தில்தான் கனமான சுண்ணாம்புச் சாந்து வருகிறது. இந்த மெல்லிய பூச்சு போதுமானதாக இருந்ததற்குக் காரணம் பாறையே சுண்ணாம்புக்கல்லாக இருந்தது. பூச்சுக்கும் பாறைக்கும் ஒரே குணம், அதனால் பிடிப்பும் நன்றாக இருந்தது.

அடுத்தது கோடு. படுக்கைக் கோடுகளுக்கு நிறத்தில் தோய்த்த கயிற்றை இழுத்துப் பிடித்துச் சுண்டினார்கள். தச்சர் மரத்தில் நூல் அடிப்பாரே, அதே வேலை. கூரைக்குக் கீழே ஓடும் பல நிறப் பட்டைகளும் அடிச்சுவரின் எல்லையும் இப்படித்தான் நேராக வந்தன. உருவங்களுக்குப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கூரான முனையால் கீறினார்கள், அல்லது தூரிகையால் மெல்லிய கோட்டில் போட்டுக்கொண்டார்கள். பிறகு உள்ளே நிறத்தைத் தட்டையாக நிரப்பினார்கள். கடைசியில் கறுப்பாலோ அடர் சிவப்பாலோ வெளிக்கோட்டை மறுபடி இழுத்தார்கள். கீறலும் இறுதிக் கோடும் பல இடங்களில் ஒட்டிப் போவதில்லை. கை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும், கால் நீண்டிருக்கும். பக்கவாட்டில் ஒளி விழும்படி விளக்கைப் பிடித்தால் கைவிடப்பட்ட முதல் கோடு நிழலாகத் தெரியும். நேருக்கு நேர் ஒளி அடித்து எடுத்த படங்களில் இது தெரியாது. வரைந்தவர் யோசித்த தடத்தைப் பார்க்க வேண்டுமானால் பக்க ஒளியில் எடுத்த படங்களைத் தேடுவது நல்லது.

நிறங்கள் அதிகமில்லை. சிவப்புக் காவி, மஞ்சள் காவி, கரியிலிருந்து கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை. பச்சைக்கு மலக்கைட் என்ற செம்புத் தாது. நீலத்துக்கு எகிப்திய நீலம். இது தோண்டி எடுத்த தாது இல்லை, செய்த பொருள். மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரம் சேர்த்து 850 முதல் 1,000 டிகிரி சூட்டில் நெடுநேரம் சுட்டால் நீலக் கட்டி கிடைக்கும். அதைப் பொடித்துப் பயன்படுத்த வேண்டும். பொடி கரகரப்பாக இருந்தால் நீலம் அடர்த்தியாக வரும், நைசாக அரைத்தால் வெளுத்துப்போகும். அதனால் நீலப் பகுதிகள் சுவரில் சற்றுச் சொரசொரப்பாக, கனமாக உட்கார்ந்திருக்கும். உதிர்வதும் அவைதான் முதலில். காவி அப்படியல்ல, துகள் நுண்ணியது, சுண்ணாம்போடு ஒட்டிக்கொள்ளும், ஒளிக்கும் காரத்துக்கும் அசையாது. இன்று நாம் பார்க்கும் தார்க்வீனியா சிவப்பாகத் தெரிவதற்கு எத்ருஸ்கர்களின் ரசனை மட்டும் காரணமில்லை. கடைசிவரை நின்றது காவி.

ஆண் உடம்புக்குச் செங்காவி, பெண் உடம்புக்கு வெள்ளை என்பது வழக்கமான விதி. சிறுத்தைகள் கல்லறையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1875இல் திறக்கப்பட்ட இது கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. எதிர்ச்சுவரில் மூன்று விருந்துக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் இருவர் சாய்ந்திருக்கிறார்கள். மேலே முக்கோணத்தில் இரண்டு சிறுத்தைகள் எதிரெதிரே. பெயர் வந்தது இவற்றால். வலப்பக்கக் கட்டிலில் இருப்பவர் கையைத் தூக்கி இரு விரல்களுக்கு நடுவே ஒரு முட்டையைப் பிடித்துக் காட்டுகிறார். முட்டை மறுபிறப்பின் அடையாளம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் உண்மையான முட்டை ஓடுகளும் எத்ருஸ்கக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன, ஆகவே அது படையலில் வைக்கும் சாதாரணத் தீனியாகவும் இருந்திருக்கிறது. பக்கச் சுவரில் இரட்டைக்குழல் ஊதுபவரும் யாழ் மீட்டுபவரும் நடந்து போகிறார்கள். அவர்களுடைய விரல்கள் மிதமிஞ்சி நீளம். அது தவறல்ல, சைகை தூரத்திலிருந்து, விளக்கு வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மனைவி கணவனோடு ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்துண்பது கிரேக்கர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எத்ருஸ்கப் பெண்களைப் பற்றித் தாறுமாறாக எழுதிவைத்தார். அந்த எழுத்தை வைத்து இந்தச் சுவரைப் படிப்பது, பக்கத்து ஊர்க்காரரின் வம்புப் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பத்தை எடைபோடுவதற்குச் சமம்.

பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்லறைகளுக்கு இருக்கும் பெயர்கள் எல்லாம் கண்டுபிடித்தவர்கள் வைத்தவை. சில பெயர்கள் பிழையான வாசிப்பின் மேல் நிற்கின்றன. 1878இல் கிடைத்த 'நிமித்தம் பார்ப்போர் கல்லறை' நல்ல உதாரணம். மல்யுத்தம் நடக்கும் சுவரில் வளைந்த கோலுடன் ஒருவர் நிற்கிறார், பறவைகள் பறக்கின்றன. அவரைப் பறவை பார்த்துக் குறி சொல்பவர் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் தெவரத் என்று எத்ருஸ்க எழுத்தில் எழுதியிருக்கிறது. இன்று அவரைப் போட்டியின் நடுவராகவே படிக்கிறார்கள். மல்லர்கள் இருவருக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கிண்ணங்கள் பரிசுப் பொருள்.

அதே அறையில் இன்னும் கொடுமையான விளையாட்டு ஒன்று இருக்கிறது. முகமூடி அணிந்த ஒருவர். மேலே பெர்சு என்று பெயர் எழுதியிருக்கிறது. அவர் பிடித்திருக்கும் கயிற்றில் கட்டிய நாய், தலையைச் சாக்கால் மூடிய ஒரு மனிதனைக் கடிக்கிறது. கண் தெரியாத அந்த மனிதன் கையில் ஒரு தடி, கால்களில் ரத்தம். ரோமானிய கிளாடியேட்டர் சண்டைக்கு இது முன்னோடியா என்று நீண்ட விவாதம் உண்டு. அதைவிடக் கவனிக்க வேண்டியது எதிர்ச்சுவரில் நடுவே வரைந்த கதவு. ஆணி வரிசைகளோடு கூடிய, திறக்க முடியாத பொய்க்கதவு. இருபுறமும் இரண்டு ஆண்கள் ஒரு கையை நீட்டி, மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் நிற்கிறார்கள். துக்கச் சைகையா, விடைகொடுப்பதா என்பதில் இரு கருத்து உண்டு. கதவுக்கு அந்தப்பக்கம்தான் இறந்தவர் இருக்கிறார் என்பதில் மட்டும் குழப்பமில்லை.

தார்க்வீனியாவில் நிற்கும் ஓவியம் மற்ற ஊர்களில் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் கல்தான் காரணம். வேயி, செர்வேத்தெரி, ஓர்வியேத்தோ எல்லாம் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. அதில் சுண்ணாம்பு இல்லை, துளைகள் அதிகம். கியூசியில் மென்மையான மணற்கல். இங்கெல்லாம் பூச்சுக்கும் பாறைக்கும் ஒட்டுதல் குறைவு. பூச்சு பெயர்ந்தால் ஓவியமும் போயிற்று. வேயியில் 2006இல் கிடைத்த கர்ஜிக்கும் சிங்கங்கள் கல்லறை கி.மு. 690ஐ ஒட்டியது, எத்ருஸ்க ஓவியக் கல்லறைகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அதில் மிஞ்சியிருப்பவை சிவப்பும் கறுப்புமாகச் சில பறவைகள், வாயைப் பிளந்த சில விலங்குகள்.

தாங்கியது எப்படி என்பதற்கு வருவோம். அடைத்த அறைக்குள் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 98க்கு மேல், பெரும்பாலும் 100. வெப்பநிலை ஆண்டு முழுவதும் 15 டிகிரியை ஒட்டி, அதிக ஏற்ற இறக்கம் இல்லாமல். இவ்வளவு ஈரத்தில் ஓவியம் கெட்டுப்போகாதா என்று கேட்கத் தோன்றும். கெடுப்பது ஈரம் இருப்பதல்ல, ஈரம் நகர்வது. பாறையில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. அதில் உப்புகளும் கரைந்த சுண்ணாம்பும் இருக்கின்றன. காற்றும் அதே அளவு ஈரமாக இருந்தால் சுவரிலிருந்து தண்ணீர் ஆவியாகாது. ஆவியாகாவிட்டால் உப்பு கரைசலிலேயே கிடக்கும், படிகமாகாது. வெளிச்சம் இல்லாததால் பாசி இல்லை. இதோடு இன்னொன்றும் நடக்கிறது: சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடி படிந்து நிறத் துகள்களைச் சுவரோடு பிணைக்கிறது. ஈரச் சாந்தில் முறையாக வரையாத இடங்களிலும் நிறம் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

கதவைத் திறந்த நாளில் இந்தக் கணக்கு உடைகிறது. வெளிக்காற்று உள்ளே வந்து சுவரை உலர்த்துகிறது. பாறைக்குள்ளிருந்து தண்ணீர் மேற்பரப்பை நோக்கி வருகிறது, கூடவே உப்பு. ஆவியாதல் மேற்பரப்பிலேயே நடந்தால் உப்பு வெளியே பஞ்சு போலப் பூக்கும். அசிங்கமாக இருக்கும், ஆனால் அவ்வளவு ஆபத்தில்லை. ஆவியாதல் பூச்சுக்குப் பின்னால் நடந்தால்தான் வில்லங்கம். படிகம் அங்கே வளர்ந்து பூச்சை முன்னுக்குத் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு செதில், பிறகு தரையில் நிறத்தூள். மழைக்காலத்தில் உப்பு கரைவதும் கோடையில் மறுபடி படிகமாவதும் ஆண்டுதோறும் நடந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

பார்வையாளர் வந்தால் எதிர்த்திசையில் இன்னொரு கோளாறு. சும்மா நிற்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பத்தையும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவியையும் விடுகிறார். மூன்று, நான்கு மீட்டர் பக்கமுள்ள அறைக்குள் பத்துப் பேர் கால் மணி நேரம் நின்றால் காற்று சூடாகி, அதிக ஈரத்தை ஏந்திக்கொண்டு, குளிர்ந்த சுவரில் பனித்துளியாக விடும். மூச்சிலுள்ள கரியமில வாயு அந்தத் துளியில் கரைந்தால் தண்ணீர் லேசாக அமிலத்தன்மை பெறும். அது சுண்ணாம்பைக் கரைக்கும். கூட்டம் போனபின் வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் வெள்ளைப் படலமாகப் படியும். நிறத்தின் மேல் பால் ஊற்றியது போல் தெரியும் அந்தத் திரையைச் சுரண்டி எடுக்க முடியாது. கீழே உள்ள நிறத்தைவிட அது கடினமானது. இதற்கு மேல் உயிரினங்கள். விளக்கு எரியும் இடத்தைச் சுற்றிப் பச்சைப் பாசி, ஆக்டினோபாக்டீரியா வகைக் கிருமிகளின் புள்ளிகள், பூஞ்சை. மேலே நிலத்தில் இருக்கும் செடிகளின் வேர்கள் வெடிப்பு வழியாக இறங்கிப் பூச்சுக்கும் பாறைக்கும் நடுவே பரவும். வேரைப் பிடித்து இழுத்தால் ஓவியமும் சேர்ந்து வரும். வெட்டிவிட்டு, உள்ளே இருப்பதை அப்படியே காய விடுவதைத் தவிர வழியில்லை. மேட்டில் பல நூற்றாண்டு உழவு நடந்ததால் கல்லறைகளுக்கு மேலிருந்த மண் குவியல்கள் கரைந்துபோயின. மழைநீர் இறங்கும் தூரமும் குறைந்தது.

இந்தச் சேதம் முறையாகப் பதிவானது 19ஆம் நூற்றாண்டிலிருந்து. 1827இல் ஸ்டாக்கெல்பெர்க், கெஸ்ட்னர் என்ற இரு ஜெர்மானியர்கள் தார்க்வீனியாவில் சில கல்லறைகளைப் பார்த்து வரைந்தெடுத்தார்கள். அப்போது கிடைத்த இரட்டைக் குதிரைத் தேர்கள் கல்லறையின் மேல் பட்டையில், விளையாட்டைப் பார்க்க மேடையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சின்னஞ்சிறு உருவங்களாக இருந்தது. அந்த ஓவியம் மங்கிய நிலையில், அன்றைய நகல்கள்தான் இன்று நமக்குப் பெரும் துணை. 1830களில் கார்லோ ருஸ்பி என்ற ஓவியர் சுவரின் மேல் ஒளி ஊடுருவும் தாளை ஒட்டிப் பிடித்து உருவத்துக்கு உருவம் முழு அளவில் நகலெடுத்தார். அவருடைய வேலை வத்திக்கானின் எத்ருஸ்க அருங்காட்சியகத்துக்கும் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக்கும் போனது. அந்த நூற்றாண்டின் இறுதியில் கோபன்ஹேகனில் உள்ள 'நீ கார்ல்ஸ்பெர்க் கிளிப்டோடெக்' என்ற அருங்காட்சியகத்துக்கு இன்னொரு பெரிய தொகுதி தயாரானது. நகலெடுப்பவர்கள் மங்கிய நிறத்தை எழுப்பிப் பார்க்கச் சுவரை ஈரத் துணியால் ஒற்றுவது அந்நாளைய பொது வழக்கம். நகல் பிழைத்தது, மூலத்துக்கு அடி விழுந்தது.

இணையத்தில் இந்த ஓவியங்களைத் தேடும்போது இதை மனதில் வையுங்கள். பளீரென்ற நிறத்தில், ஒரு விரிசலும் இல்லாமல் கிடைக்கும் படங்களில் பல, சுவரின் படமே அல்ல. மேலே சொன்ன நகல்களின் படங்கள். உடைந்த இடத்தை நகலெடுத்தவர் தன் ஊகத்தால் நிரப்பியிருப்பார். முகபாவம், உடையின் மடிப்பு போன்றவற்றை வைத்து ஏதாவது சொல்ல வேண்டுமானால் முதலில் அது சுவரா தாளா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு தீர்வு வந்தது: ஓவியத்தையே சுவரிலிருந்து உரித்து எடுப்பது. 1830இல் கிடைத்த திரிக்லினியம் கல்லறையின் ஓவியங்கள் 1949இல் இப்படி எடுக்கப்பட்டன. இன்று தார்க்வீனியா ஊருக்குள் விதெல்லெஸ்கி மாளிகையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், அறையின் வடிவிலேயே அமைத்த சட்டங்களில் அவற்றைப் பார்க்கலாம். இரண்டு முறைகள் உண்டு. ஸ்தாக்கோ என்றால் சாந்தோடு சேர்த்துப் பெயர்ப்பது. ஸ்த்ராப்போ என்றால் நிறப் படலத்தை மட்டும் உரிப்பது. தார்க்வீனியாவின் ஆரம்பகாலக் கல்லறைகளில் சாந்து அவ்வளவு மெல்லியது என்பதால் முதல் முறைக்கு அதிக இடமில்லை.

ஸ்த்ராப்போவின் படிகள் கேட்க எளியவை. சுவரைச் சுத்தம் செய்து, தளர்ந்த துகள்களை நிலைப்படுத்தி, மெல்லிய துணியையும் அதன்மேல் கனமான துணியையும் விலங்குப் பசையால் ஒட்டுவார்கள். பசை உலரும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் இழுப்பு நிறப் படலத்தைச் சுவரிலிருந்து விடுவிக்கும். துணியைக் கீழிருந்து மேலாக உரித்துச் சுருட்டி வெளியே கொண்டுவந்து, பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சாந்தைத் தேய்த்துச் சமமாக்கி, புதிய துணியில் கால்சியம் கேசினேட் (பால் புரதத்திலிருந்து செய்வது) போன்ற பசையால் ஒட்டுவார்கள். அது இறுகியபின் முன்புறத் துணியை வெந்நீரால் நனைத்து நீக்கினால் ஓவியம் வெளிவரும். பசை உலர வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஈரப்பதம் 100 உள்ள அறையில் விலங்குப் பசை உலராது, பூஞ்சை பிடிக்கும். அறையைச் சூடாக்கி உலர்த்தினால் மேலே சொன்ன உப்பு வேலை தொடங்கிவிடும். ஈரமான இடங்களில் ஆல்கஹாலில் கரைத்த அரக்கை நாடுவது இதனால்தான். ஆனால் அரக்கின் மிச்சம் நிறத்தில் தங்கினால் காலப்போக்கில் பழுப்பேறும். கச்சிதமாக உரித்தாலும் இழப்பு உண்டு. சுவரின் மேடு பள்ளம் போய்விடும், முதலில் கீறிய கோடுகள் சுவரிலேயே தங்கிவிடும், நிறத்தில் ஒரு பகுதி பாறையோடு ஒட்டி நிற்கும். உரித்த ஓவியங்கள் தட்டையாக, தாளில் அச்சிட்டது போல் தெரிவதற்கு இதுதான் காரணம். திரிக்லினியத்தில் கட்டிலுக்கடியில் பதுங்கும் பூனை உட்பட அருமையான வேலை எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டுச் சிறுத்தைகள் கல்லறைக்குள் எட்டிப் பார்த்தால் சுவருக்கும் துணிக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரியும்.

வுல்ச்சியில் நடந்தது பாதுகாப்பு அல்ல, உடைமை ஆசை. 1857இல் அலெசாந்த்ரோ பிரான்சுவா கண்டுபிடித்த கல்லறையின் ஓவியங்களை 1863இல் தொர்லோனியா பிரபு குடும்பம் வெட்டி ரோமுக்கு எடுத்துப்போனது. அதில் மஸ்தார்னா என்பவர் கேலியுஸ் விபென்னாவின் கட்டுகளை அவிழ்க்கும் காட்சி இருக்கிறது, பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ரோமின் ஆறாம் மன்னர் சேர்வியஸ் துல்லியஸ்தான் எத்ருஸ்கர்கள் சொல்லும் மஸ்தார்னா என்று பேரரசர் கிளாடியஸ் ஓர் உரையில் சொன்னது லியோனில் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில் இருக்கிறது. சுவரோவியமும் பட்டயமும் ஒன்றையொன்று தாங்குவது அபூர்வம். அப்படிப்பட்ட ஓவியம் அது வரையப்பட்ட அறையில் இன்று இல்லை.

தேடும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லறையைத் திறக்காமலே உள்ளே பார்ப்பது பெரிய அளவில் நடந்தது இந்த மேட்டில்தான். 1950களில் பொறியாளர் கார்லோ லெரிச்சியின் குழு, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி எங்கே தடை கூடுகிறது என்று அளந்தது. பாறைக்குள் வெற்றிடம் இருந்தால் தடை கூடும். அந்த இடத்தில் மேலிருந்து ஒரு சிறு துளை போட்டு, நுனியில் விளக்கும் கேமராவும் பொருத்திய பெரிஸ்கோப்பை இறக்கிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். ஓவியம் இருந்தால் மட்டும் தோண்டினார்கள். 1958இல் ஒலிம்பிக் கல்லறை கிடைத்தது இப்படித்தான். ஓட்டம், தாண்டுதல், தேர்ப்பந்தயம் எல்லாம் அதில் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்குக்கு இரண்டு ஆண்டு முன்பு கிடைத்ததால் அந்தப் பெயர். அதையும் உரித்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிறகு கொள்கை மாறியது. உரிப்பது கடைசி வழி. முதல் வழி, அறைக்குள் பழைய ஈரத்தையும் வெப்பத்தையும் திரும்பக் கொண்டுவருவது. மேட்டில் இன்று நீங்கள் பார்க்கும் ஏற்பாடு அதுதான். ஒவ்வொரு படிக்கட்டின் தலைப்பிலும் ஒரு சிறு கொட்டகை. இறங்கினால் அறையின் வாசலில் காற்றுப் புகாத கண்ணாடிக் கதவு. பொத்தானை அழுத்தினால் உள்ளே விளக்கு சிறிது நேரம் எரிந்து தானாக அணையும். மூச்சு வெளியே, ஓவியம் உள்ளே. சுமார் 20 கல்லறைகள்தான் திறந்திருக்கும், அதிலும் நிலைமையைப் பொறுத்து மாறும். கண்ணாடி இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அதை எடுத்துவிட்டால் நடப்பது மேலே சொன்ன பனித்துளிக் கணக்கு.

நேரில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் அருங்காட்சியகம், பிறகு மேடு. உரித்த ஓவியங்களை அருகில் நின்று பார்த்துக் கோட்டையும் நிறத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் கண்ணாடி வழியாகப் பார்ப்பதில் அதிகம் பிடிபடும். படியில் இறங்கியதும் பொத்தானை அழுத்தாதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக ஒன்றிரண்டு நிமிடம் கொடுங்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டினால் மூச்சு பட்டு மங்கிவிடும், ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ஒரே நாளில் இருபதையும் பார்த்தால் எல்லாம் கலந்துபோகும். திறந்திருந்தால் நான்கு போதும். நிமித்தம் பார்ப்போர் கல்லறையும் சிறுத்தைகளும் முதலில்.

மூன்றாவது, 'வேட்டையும் மீன்பிடிப்பும்' என்ற கல்லறை. இரண்டு அறைகள் கொண்டது. கண்ணாடியிலிருந்து உள்ளறை தூரம் என்பதால் சிறிய பைனாகுலர் ஒன்று உதவும். உள்ளறைச் சுவர் முழுக்கக் கடல், மேலே நீலமும் சிவப்புமாகப் பறவைகள், பாறையில் நின்று கவண் வீசும் ஒருவர், முகப்பில் கண் வரைந்த படகு. ஒரு பக்கம் செங்குத்தான பாறையிலிருந்து ஒரு பையன் தலைகுப்புறக் கடலில் குதிக்கிறான். பின்னால் இன்னொருவன் ஏறிக்கொண்டிருக்கிறான். குதிப்பவன் நடுவானில் இருக்கிறான், கையும் உடலும் ஒரே கோடாக. தார்க்வீனியா ஓவியர்களில் காற்றை வரையத் தெரிந்தவர் இவர்தான் என்பது என் எண்ணம்.

நான்காவது ஓர்கோ கல்லறை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. இங்கே விருந்தின் மகிழ்ச்சி போய்விட்டது. நீலத் தோலும் கொக்கி மூக்குமாகச் சாருன் என்ற பாதாளக் காவலன் வருகிறான். நிழல் காட்டி வரையும் முறையும் இப்போதுதான் வருகிறது. வேலியா என்ற பெண்ணின் பக்கவாட்டு முகம், தலையில் இலை மாலை, பின்னால் கரிய மேகம் போன்ற நிறத் திட்டு. கண்ணும் உதடும் நிறத்தின் ஏற்ற இறக்கத்தாலேயே உருவாகியிருக்கின்றன. வெறும் வெளிக்கோட்டுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது சுமார் 150 ஆண்டுகள்.

கண்ணுக்குத் தெரியாமல் போனதும் முழுவதும் போய்விடவில்லை. எகிப்திய நீலத்தின் மேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்பில், 910 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில், தானாக ஒளிரும். அகச்சிவப்பை மட்டும் பிடிக்கும் கேமராவில், வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் ஓரிரு துகள் மிஞ்சியிருந்தாலும் வெண்மையாகப் பளிச்சிடும். கியூசியில் 1846இல் கிடைத்த குரங்குக் கல்லறையில் பல அலைநீளங்களில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்துப் பிரித்தபோது, மங்கிப்போன உருவங்கள் மீண்டும் படிக்கும்படி வெளிவந்தன. இதற்குச் சுவரைத் தொட வேண்டியதில்லை, ஈரத் துணியும் வேண்டாம். ஒரு முறை கருவியை உள்ளே கொண்டுபோய்ப் படம் எடுத்துவிட்டுக் கதவை மூடிவிடலாம்.